காதலிக்க நேரமில்லை: எந்தச் சிரிப்பு மிச்சம் இருக்கிறது?

தீபாவளி லீவில் வீட்டில் எல்லாரும் கூடியிருந்த ஒரு மத்தியானம் 'காதலிக்க நேரமில்லை' போட்டோம். பாளையங்கோட்டை வீட்டின் முன்னறை. அம்மா, அக்கா, காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும் அக்கா மகள், கீழ்வீட்டு அண்ணாச்சி, நான் என்று ஐந்து பேர். நான் ஏற்கெனவே நாலைந்து தடவை பார்த்த படம். அதனால் இந்த முறை திரையைப் பாதியும், பார்க்கிறவர்களைப் பாதியுமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் ஒரு நோட்டு வைத்து, யார் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே சிரிப்பு நிற்கிறது என்று குறித்தேன். அக்கா மகள் "மாமா பரீட்சைக்குப் படிக்காரு" என்று கிண்டலடித்தாள்.

அந்தக் குறிப்புகளை விரித்து எழுதியதுதான் இது. ஐந்து பேர் பார்த்ததை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அறுபது வருஷத்துப் பழைய சிரிப்புப் படம் ஒன்று ஏன் ஓரிடத்தில் புதுசாகவும் இன்னோரிடத்தில் ஊசிப்போயும் இருக்கிறது என்று யோசிக்க அந்த மத்தியானம் எனக்கு உதவியது.

படம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1964 பிப்ரவரி 27-ல் வந்தது. இயக்கம் ஸ்ரீதர், எழுத்து ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும், ஒளிப்பதிவு வின்சென்ட், இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. ஈஸ்ட்மென் கலர். சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாக டி.எஸ். பாலையா. அவருக்கு இரண்டு மகள்கள் (காஞ்சனா, ராஜஸ்ரீ), சினிமா எடுக்கும் பைத்தியத்தில் 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று போர்டு மாட்டிக்கொண்டு திரியும் ஒரு மகன் (நாகேஷ்). எஸ்டேட்டில் வேலை பார்த்து நீக்கப்பட்ட அசோக் (ரவிச்சந்திரன்), முதலாளியின் மகள் நிர்மலாவைக் காதலிக்கிறான். பணக்காரன் மகன் என்று சொன்னால்தான் அப்பா மசிவார் என்பதால், நண்பன் வாசுவை (முத்துராமன்) தன் கோடீஸ்வர அப்பா 'சிதம்பரம்' என்று வேஷம் போட்டுக் கூட்டி வருகிறான். அந்த வாசுதான் இன்னொரு மகளின் காதலன். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அம்மா இந்தப் படத்தை முதலில் பார்த்தபோது பாவாடை தாவணிப் பருவம். ஸ்ரீதர் படம் என்றால் அன்றைக்குக் கைக்குட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும். 'கல்யாணப் பரிசு' (1959), 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) எல்லாம் அப்படி. "அழுவணும்னு போய் உக்காந்தா, ஒருத்தரும் சாவல, ஒருத்தரும் அழல. வெளிய வந்த பொறவும் சிரிச்சிட்டே வந்தோம்" என்றாள். அம்மா சொன்னது முக்கியமான விமர்சனக் குறிப்பு என்று நினைக்கிறேன். இந்த வீட்டில் தாய் இல்லை. தாலி, தியாகம், நோய், வறுமை எதுவும் கதையை ஓட்டவில்லை. குடும்பக் கதைக்கு வழக்கமாகப் பாரம் ஏற்றுகிற சாமான்களையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு ஓடுகிற படம் இது. வந்த காலத்தில் அதன் புதுமை நிறத்தில் மட்டும் இருக்கவில்லை, இந்த லேசில்தான் இருந்தது.

இனி நோட்டுக்கு வருகிறேன்.

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் சிரித்த இடம் நீங்கள் எதிர்பார்க்கிறதுதான். மகன் தன் படத்துக்கு வைத்திருக்கும் பேய்க்கதையை அப்பாவுக்குச் சொல்கிற காட்சி. நாகேஷ் வாயாலேயே காற்று, கதவு, காலடி எல்லாச் சத்தமும் போடுகிறார். ஆனால் காட்சி ஓடுவது பாலையாவின் முகத்தில். 'இவன் என்னத்தச் சொல்லிடப் போறான்' என்ற அலட்சியத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்குள் இழுபட்டு, பயம் தொண்டை வரை வந்துவிடுகிறது. அது அவர் வீடு, எதிரே இருப்பது அவர் மகன், கதை பொய் என்பதும் தெரியும். இருந்தும் பயப்படுகிறார். அக்கா மகளுக்கு இந்தக் காட்சியின் துண்டுகள் போனில் பார்த்துப் பழக்கம். முழுசாகப் பார்த்தபோதும் சிரிப்பு குறையவில்லை. அண்ணாச்சிக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

இந்தக் காட்சிக்கு மொழிகூடத் தடையாக இருக்கவில்லை. ஸ்ரீதரே 1966-ல் 'ப்யார் கியே ஜா' என்று இந்தியில் எடுத்தபோது நாகேஷ் இடத்தில் மெஹ்மூத், பாலையா இடத்தில் ஓம் பிரகாஷ். அதிலும் அதுதான் பேர் வாங்கிய காட்சி. மெஹ்மூதுக்கு அந்தப் படத்துக்காக பிலிம்ஃபேர் விருது கிடைத்தது. சத்தமும் முகமும் மட்டும் போதும் என்றால் காட்சி எந்த ஊருக்கும் போகும்.

சிரிப்பு எதனால் வருகிறது என்பதற்குத் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நாலு காரணம் சொல்லப்பட்டிருக்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்றால் ஒருவரை மட்டம் தட்டுவது. இளமை, சிறுபிள்ளைத்தனம். பேதைமை, அறியாமை. மடன் என்பதை உரைகாரர்கள் விளக்குகிற விதம் எனக்குப் பிடிக்கும். ஒருவர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு, பிறகு என்ன நடந்தாலும் விடாமல் இருப்பது. அவர்கள் இன்னொன்றும் கவனித்திருக்கிறார்கள். எள்ளல் இரண்டு பக்கம் உள்ளது. நான் உன்னை எள்ளிச் சிரிப்பதும் உண்டு, நீ என்னை எள்ளும்போது நான் சிரிப்பதும் உண்டு. இந்த இரண்டாவது பக்கம் இந்தப் படத்தைப் பேசும்போது திரும்பவும் வரும்.

பேய்க்கதைக் காட்சி சுத்தமான பேதைமை. இருட்டைப் பார்த்துப் பயந்தவர்கள்தான் நாம் எல்லாரும். முதலாளி பயப்படுகிறார் என்பதில் கொஞ்சம் கூடுதல் ருசி இருக்கலாம். ஆனாலும் அடிப்படையில் நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம்.

இரண்டாம் பாதியில் 'சிதம்பரம்' வந்ததும் நடப்பதெல்லாம் மடன். கோடீஸ்வரன் என்று ஒருவன் சொல்லிவிட்டான், விஸ்வநாதன் பிடித்துக்கொண்டார். எதிரே இருப்பவரின் தாடியும் இருமலும் எவ்வளவு சந்தேகத்துக்கு இடம் கொடுத்தாலும் அவர் விடுவதில்லை. விட்டால் சம்பந்தம் போய்விடும். படம் வந்தபோது பாலையாவுக்கு வயது 49, முத்துராமனுக்கு 34. பதினைந்து வயது இளையவர் பெரியவர் தோரணையில் தட்டிக்கொடுக்க, மூத்தவர் குழைந்து குழைந்து நிற்கிறார். சற்று முன்பு வரை யாரை விரட்டினாரோ அவனை 'மாப்பிள்ளை'யாகப் பார்க்கும்போது பாலையாவின் முதுகே வேறு மாதிரி வளைகிறது. என் நோட்டில் அக்கா அதிகம் சிரித்தது இங்கேதான். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில் இந்த மாதிரி முதுகு வளைவுகளை நிறையப் பார்த்தவள்.

பாலையா நம்ம பக்கத்துக்காரர். இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் சுண்டங்கோட்டை. அவர் பிறந்த 1914-ல் திருநெல்வேலி ஜில்லா. பெயரின் முன்னால் இருக்கும் 'டி.எஸ்.'ஸில் திருநெல்வேலி இருக்கிறது. 'சதி லீலாவதி'யில் (1936) வில்லனாகத் தொடங்கியவர். 'திருவிளையாடல்' ஹேமநாத பாகவதர், 'தில்லானா மோகனாம்பாள்' தவில்காரர் என்று பிற்காலத்தில் அவர் செய்தவற்றில் எல்லாம் ஒரு பொதுக்குணம் உண்டு. தன்னைப் பெரியவனாக நினைக்கிற ஒருவனை, அவனுக்கே தெரியாமல் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் படத்தில் மூப்படையாத பகுதி முழுவதும் அந்த உடம்பின் மேல்தான் நிற்கிறது.

மூப்படைந்த பகுதி அசோக்.

கல்லூரி முடித்து வந்த முதலாளி மகளுக்கும் எஸ்டேட் ஊழியனுக்கும் தகராறு. அவன் வேலை போகிறது. அவன் வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் அடிக்கிறான், ஆள் சேர்த்துப் பாடுகிறான், அவளைச் சீண்டுகிறான். அவள் கோபப்படுகிறாள், கோபம் தணிகிறது, காதலாகிறது. 1964-க்கு முன்னும் பின்னும் தமிழ் சினிமா ஆயிரம் தடவை எழுதிய வாய்ப்பாடு. அக்கா மகள் இங்கே போனை எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "இவன் வேலை கேக்க வந்தானா, இல்ல இவ பின்னால சுத்த வந்தானா? அத மொதல்ல தெளிவாச் சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

அம்மாவுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. "ஏட்டி, அது வெளையாட்டு. அவளும்தானே பதிலுக்குப் பேசுதா?"

"அவ பதிலுக்குப் பேசுதது ஒங்களுக்கு வெளையாட்டு ஆச்சி. எங்க பஸ் ஸ்டாப்புல ஒருத்தன் நின்னா நாங்க பதிலும் பேச முடியாது, பேசாமலும் இருக்க முடியாது."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னது எனக்கு எதிர்பாராத பதில். "எங்க காலத்துல அவன் நெசமாவே வந்து நிப்பான்னு நாங்க நெனச்சே பாக்கல. ஸ்கூல் விட்டா வீடு. அதான் சிரிச்சோம் போல."

இந்தச் சண்டையில் யார் பக்கம் என்று கேட்டால், படத்தைப் பொறுத்தவரை நான் அக்கா மகள் பக்கம். அம்மா பொய் சொல்லவில்லை. வீட்டை விட்டே வெளியே வராத ஒரு பெண்ணுக்கு, கார் ஓட்டி, எதிர்த்துப் பேசி, தோழிகளோடு ஆடுகிற பெண்கள் திரையில் வந்தது ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியே பார்த்தபோது அசோக் ஒரு ஆபத்தாகத் தெரியவில்லை. ஆனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போன தலைமுறைக்கு அவன் அன்றாடம். காட்சி மாறவில்லை, பார்க்கிறவள் நிற்கும் இடம் மாறிவிட்டது. படத்தின் குறை, நிர்மலாவின் கோபத்துக்கு ஒரு நியாயம் இருக்கலாம் என்று அது ஒரு கணம்கூட நினைக்காததுதான். அவள் கோபம் தணிய வேண்டிய ஒன்று, அவ்வளவே. எள்ளலின் இரண்டாவது பக்கம், அதாவது எள்ளப்பட்டவள் தானும் சேர்ந்து சிரிப்பது, அவளுக்கு வாய்த்ததாகப் படம் எழுதிக்கொள்கிறது. அந்தச் சிரிப்பை அவள் தரவில்லை, கதை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது.

சச்சு நடித்த மீனாட்சியோடு ஒப்பிட்டால் இது தெரியும். எஸ்டேட் மேனேஜர் மகள். செல்லப்பாவின் எடுக்கப்படாத படத்துக்குக் கதாநாயகி. நாகேஷின் சினிமாப் பைத்தியத்துக்குச் சமமாக அவரும் முகத்தால் பதில் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். அங்கே பேதைமை இரண்டு பேருக்கும் பொது. அதனால் அந்தக் காட்சிகளுக்கு அக்கா மகள் போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

இதுவரை எழுதியதை வேறு ஊரில் இருந்துகொண்டும் எழுதியிருக்கலாம். அடுத்தது இந்த ஊரில் இருந்தால் மட்டுமே எழுத முடியும்.

'விஸ்வநாதன் வேலை வேண்டும்' பாட்டு. நீக்கப்பட்ட எஸ்டேட் ஊழியன் முதலாளி வீட்டு வாசலில் செய்யும் போராட்டம், மேற்கத்திய தாளத்தில். கோஷத்தின் மெட்டை எடுத்துக் கும்மாளமாக்கிய அந்த யோசனை இன்றைக்கும் கெட்டிக்காரத்தனமாகத்தான் இருக்கிறது. அம்மா தாளம் போட்டாள். அக்கா கூடவே பாடினாள். அண்ணாச்சி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

அண்ணாச்சி மாஞ்சோலைக்காரர். நாலுமுக்கு லைன் வீட்டில் பிறந்தவர். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று மணிமுத்தாறுக்கு மேலே மலையில் இருக்கும் எஸ்டேட்கள், 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த காட்டில் உண்டாக்கியவை. 1999 ஜூலை 23-ல் அந்தத் தொழிலாளர்களுக்காக, கூலி உயர்வு கேட்டும் சிறையில் இருந்தவர்களை விடச் சொல்லியும், திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு ஒரு ஊர்வலம் போனது. போலீஸ் தடியடி நடத்தியது. ஜனங்கள் தாமிரபரணிக்குள் ஓடினார்கள். பதினேழு பேர் செத்துப்போனார்கள். ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படம் அந்த நாளைப் பற்றியது. அண்ணாச்சி அந்த ஊர்வலத்தில் போனவர். அதைப் பற்றி அவராகப் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

பாட்டு முடிகிற நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார். "நல்ல பாட்டுதான் தம்பி. ஆனா எஸ்டேட்காரன் வீட்டு வாசல்ல கூடாரம் அடிக்க விடுவாவளா? கேட்டைத் தாண்டவே சீட்டு வேணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. லாஜிக் இடிக்கிறது என்று நாம் சொல்வோமே, அந்தத் தொனிதான். அப்புறம் படம் முழுவதும் இருந்து பார்த்தார். பேய்க்கதைக்கு இருமல் வரும் அளவுக்குச் சிரித்தது இதற்குப் பிறகுதான்.

பெர்க்சன் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி 1900-ல் சிரிப்பைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். சிரிக்க வேண்டுமானால் நெஞ்சு ஒரு கணம் மரத்துப்போக வேண்டும் என்பது அதில் ஒரு வாதம். அந்தப் பாட்டுக்கு என் நெஞ்சு சுலபமாக மரத்துவிடுகிறது, ஏனென்றால் எஸ்டேட் எனக்கு ஒரு பங்களா, வளைந்து போகும் ரோடு, பச்சை. படத்துக்கும் அதேதான். முதலாளி இருக்கிறார், மேனேஜர் இருக்கிறார், படித்த ஊழியன் இருக்கிறான். தோட்டத்தில் குனிந்து வேலை செய்கிற ஒரு ஆள்கூடப் பெயரோடு கதைக்குள் வருவதில்லை. அசோக் கேட்பதும் கூலி இல்லை. அவன் போராட்டம் பெண்ணைப் பார்க்க ஒரு சாக்காக மாறுகிறது, கடைசியில் போராட்டக்காரன் மருமகன் ஆகிறான். அக்கா மகள் கேட்ட கேள்வியும் அண்ணாச்சி கேட்ட கேள்வியும் ஒன்றுதான் என்று அன்றைக்கு ராத்திரி நோட்டைப் புரட்டும்போது உறைத்தது. வேலை கேட்பதைக் காதலுக்கு வேஷமாகப் போட்டதால், அந்தப் பெண்ணின் மறுப்பும் எள்ளலாகிவிட்டது, தொழிலாளியின் கோரிக்கையும் எள்ளலாகிவிட்டது.

இதில் ஒரு வினோதம். பாலையாவின் முதல் படமான 'சதி லீலாவதி'யில், ஊரைவிட்டு ஓடும் கதாநாயகன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலை செய்வான். 1936-லேயே தமிழ் சினிமாவுக்கு எஸ்டேட்டைக் கீழே இருந்து பார்க்கத் தெரிந்திருக்கிறது. இருபத்தெட்டு வருஷம் கழித்து அதே நடிகர் எஸ்டேட் முதலாளியாக வரும்போது அந்தக் கூலியாள் படத்தில் இல்லை. ஆகவே "அந்தக் காலத்தில் அப்படித்தான், யாருக்கும் தோன்றியிருக்காது" என்ற சமாதானம் முழுக்கச் செல்லாது. தோன்றியிருக்கிறது. சிரிப்புப் படத்துக்கு வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள்.

விட்டது தப்பா? எல்லாப் படமும் எல்லாரையும் காட்ட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அம்மா சொன்ன அந்த லேசு, பாரத்தை இறக்கியதால்தான் வந்தது. இறக்கிய சாமான்களில் எவை யாருடையவை என்பதுதான் என் கேள்வி. தாலி சென்டிமென்டை இறக்கியது லாபம். கூலிக்காரனையும், ஒரு பெண்ணின் மறுப்பையும் அதே மூட்டையில் சேர்த்து இறக்கியது நஷ்டம். இரண்டும் ஒரே கையால் நடந்ததால்தான் இந்தப் படம் ஒரே சீராக மூப்படையவில்லை என்று எனக்குப் படுகிறது.

பழைய சிரிப்பை அளக்க நான் இப்போதைக்கு வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு இது. பேதைமையும் மடனும் எல்லாரிடமும் இருப்பவை, அதனால் நீடிக்கின்றன. எள்ளல் யார் யாரை என்பதைப் பொறுத்தது. காலம் மாறும்போது அந்த 'யாரை' பார்வையாளர் கூட்டத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டால், சிரிப்பு தடுக்கும். ஆனாலும் விஸ்வநாதனின் பேராசையை எள்ளுகிற சிரிப்பு தடுக்கவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். எள்ளப்பட்டவர் அங்கே எதையும் இழப்பதில்லை. கடைசியில் எஸ்டேட் அவருடையதுதான். அவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு யாரும் விலை கொடுப்பதில்லை.

2024-ல் மாஞ்சோலைத் தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்து வாங்கி, எஸ்டேட்டை முடிக்கும் வேலை தொடங்கியது. குத்தகை 2028 வரை. அண்ணாச்சியின் சொந்தக்காரர்கள் சிலர் மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரின் பேரப்பிள்ளைகள் மறுநாள் அண்ணாச்சி வீட்டுக்கு வந்திருந்தன. சாயங்காலம் அவர் மேலே வந்து, "தம்பி, அந்தப் பேய்க்கதைய மட்டும் இதுகளுக்குப் போட்டுக் காட்டும்" என்றார். போட்டேன். பிள்ளைகள் பாலையாவைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துச் சிரிக்கிற தாத்தாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.

அடுத்து இதே ஆட்களோடு 'சபாபதி' (1941) பார்க்க வேண்டும். முதலாளிக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர், இரண்டு பேரும் ஒரே மாதிரி மண்டு. என் கணக்கு சரியென்றால் அதில் சிரிப்பு தடுக்கக் கூடாது. தடுத்தால், எங்கே என்று எழுதுகிறேன்.